எம்டன் பிடித்த முதல் கப்பல்

தென்காசிப் பக்கம் ஒருத்தனைக் கெட்டிக்காரன் என்று சொல்ல வேண்டும், ஆனால் பாராட்டிவிடவும் கூடாது என்றால் அதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது: "அவன் சரியான எம்டன்லா." சுந்தரபாண்டியபுரத்தில் நின்று பார்த்தால் சுற்றிலும் வயல், மேற்கே மலை. கடல் எந்தத் திசையிலும் கண்ணுக்கு எட்டாது. அந்த ஊர்ப் பேச்சிலும் ஒரு ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர் பாதித் திட்டாகவும் பாதிச் செல்லமாகவும் புழங்குகிறது.

சொல் வந்த வழி பலருக்கும் தெரிந்ததுதான். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் சென்னைக்கு எதிரே வந்து நின்று, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. சுமார் 130 குண்டுகள். அரை மணி நேரத்துக்குள் இருட்டில் மறைந்துவிட்டது. தொட்டிகள் எரிந்தன, சனம் ஊரைக் காலி பண்ணிக்கொண்டு ஓடியது. இந்தக் கதையை நாம் நிறையப் பேசியாயிற்று. அதற்கு ஏழு வாரம் முந்தி எம்டன் பிடித்த முதல் கப்பலின் கதையைத்தான் யாரும் பேசுவதில்லை.

அந்தக் கப்பலின் பெயர் ரியாசான். 1909இல் ஜெர்மனியின் எல்பிங் நகரில், ஷிசாவ் தளத்தில் கட்டப்பட்டது. ஆனால் சொந்தக்காரன் ரஷ்யா. பயணிகளையும் தபாலையும் ஏற்றிக்கொண்டு விளாதிவோஸ்தோக் பக்கக் கடலில் ஓடிக்கொண்டிருந்தது. யுத்தம் தொடங்கி மூன்று நாள்தான் ஆகியிருந்தது. 1914 ஆகஸ்ட் 4 அன்று கொரிய நீரிணைப் பக்கம் எம்டன் அதைத் துரத்தியது. ரியாசான் ஓடிப் பார்த்தது, கம்பியில்லாத் தந்தியில் கூப்பாடு போட்டுப் பார்த்தது. குண்டு பக்கத்தில் விழத் தொடங்கியதும் நின்றுவிட்டது.

எம்டன் கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் அதை மூழ்கடிக்கவில்லை. வேகமான, புதுசான கப்பல், அதிலும் ஜெர்மானியக் கை கட்டியது. சீனக் கரையில் அன்று ஜெர்மனியிடம் இருந்த சிங்தாவ் துறைமுகத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார். அங்கே கார்மோரான் என்ற பழைய போர்க்கப்பல் ஒன்று ஓட முடியாமல் கிடந்தது. அதன் 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகளைக் கழற்றி ரியாசானில் பொருத்தினார்கள். ஆட்களையும் மாற்றினார்கள். கடைசியில் பெயரையும் மாற்றினார்கள். கார்மோரான் என்றால் நீர்க்காகம்; நம்ம குளத்துக்கரை மரத்தில் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்குமே, அதே பறவை.

வணிகக் கப்பலைப் போர்க்கப்பலாக்குவதற்கு 1907 ஹேக் ஒப்பந்தத்தில் விதிகள் இருந்தன: அரசு நியமித்த தளபதி, கடற்படை ஒழுங்கு, வெளியே தெரியும் அடையாளம். விதிப்படி மாறுவதற்கு ஒரு வாரம் போதுமானதாக இருந்தது. ஆகஸ்ட் 10 அன்று, அடால்பெர்ட் சுக்ஷ்வெர்ட் தலைமையில் புதிய கார்மோரான் கடலுக்குப் புறப்பட்டது.

இதற்குப் பிறகு சாகசம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். கார்மோரான் ஒரு எதிரிக் கப்பலைக்கூட மூழ்கடிக்கவில்லை. அதன் யுத்தம் முழுக்க நிலக்கரியோடுதான். எம்டனுக்கு அந்த விஷயத்தில் அதிர்ஷ்டம் இருந்தது. இலங்கைக்கு மேற்கே பியூரெஸ்க் என்ற பிரிட்டிஷ் நிலக்கரிக் கப்பல் சுமையோடு அப்படியே கையில் மாட்டியது. கார்மோரானுக்கு அப்படி எதுவும் வாய்க்கவில்லை. ஆகஸ்ட் 23இல் ஜப்பானும் யுத்தத்தில் இறங்கியது. நவம்பர் 7இல் சிங்தாவ் விழுந்தது. நவம்பர் 9இல் கோகோஸ் தீவில் எம்டனும் முடிந்தது. பசிபிக்கின் தீவுகளுக்கு நடுவே ஒளிந்து ஒளிந்து திரிந்த கார்மோரான், டிசம்பர் 14 அன்று கிட்டத்தட்ட காலியான நிலக்கரி அறையோடு அமெரிக்காவின் குவாம் தீவுக்கு வந்து சேர்ந்தது.

அமெரிக்கா அப்போது நடுநிலை நாடு. கேட்ட அளவு நிலக்கரி கொடுக்கவில்லை. அதனால் கப்பலும் ஆட்களும் அங்கேயே காவலில் இருக்க வேண்டியதாயிற்று. அப்படியே இரண்டு வருஷத்துக்கு மேல் போனது. 1917 ஏப்ரலில் அமெரிக்கா யுத்தம் அறிவித்தது. ஏப்ரல் 7 அன்று கப்பலை ஒப்படைக்கச் சொன்னார்கள். ஆட்களைத் தருகிறேன், கப்பலைத் தரமாட்டேன் என்றார் சுக்ஷ்வெர்ட். வெடி வைத்து மூழ்கடித்தார். ஏழு பேர் செத்தார்கள், மற்றவர்களை அமெரிக்கர்களே தண்ணீரிலிருந்து தூக்கினார்கள்.

அது இன்னும் அங்கேதான் கிடக்கிறது. 1943இல் அமெரிக்க நீர்மூழ்கி ஒன்று தாக்கிய ஜப்பானியச் சரக்குக் கப்பல் தோக்காய் மாரு, வேறொரு யுத்தத்திலிருந்து வந்து அதே இடத்தில் விழுந்தது. முக்குளிப்பவர்கள் ஒரே நேரத்தில் இரண்டையும் தொடலாம் என்கிறார்கள். கீழே கிடப்பதை எல்லோரும் கார்மோரான் என்றுதான் சொல்கிறார்கள். ஐந்து வருஷம் தபால் சுமந்த ரியாசானின் பெயர், ஒரு சண்டைகூடப் போடாத கார்மோரானின் பெயருக்குள் அமிழ்ந்துவிட்டது.

பிடிபட்ட கப்பலுக்கு நடந்தது பிடிபட்ட சொல்லுக்கும் நடக்கும். நாம் எம்டனைப் பிடித்தோம். பீரங்கியைக் கழற்றினோம், வீட்டுக்குள் கொண்டுவந்தோம், கண்டிப்பான அப்பாக்களுக்குச் சூட்டினோம். 2006இல் 'எம்டன் மகன்' என்று பெயர் வைத்த படம்கூட, பிறகு 'எம் மகன்' ஆகித்தான் வெளியானது. ஆனால் கழற்றும்போது இன்னொன்றும் சேர்ந்து போய்விட்டது. அன்றிரவு சென்னையில் குறைந்தது ஐந்து பேர் செத்தார்கள். துறைமுகத்தில் நின்ற சுப்ரா என்ற கப்பலிலும் குண்டு பாய்ந்தது. உயர்நீதிமன்ற வளாகத்தில் குண்டுவீச்சுக்கு ஒரு கல்வெட்டு இருக்கிறது. சுட்டவனின் பெயர் குற்றால மலையடிவாரம் வரைக்கும் வந்துவிட்டது. செத்தவர்களில் ஒருவர் பெயரைக்கூட நம்மில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.