முயலும் துப்பாக்கியும்

முயலை நாம் சாதுவான பிராணி என்போம். ஆஸ்திரேலிய விவசாயிகளைக் கேட்டால் தெரியும்! 1859-ஆம் ஆண்டு, விக்டோரியாவில் தாமஸ் ஆஸ்டின் என்ற பண்ணையார், வேட்டையாடி மகிழ இங்கிலாந்திலிருந்து 24 முயல்களைத் தருவித்தார். முப்பதே நாளில் குட்டி போடும் இனம். பெருகி, ஆடுகளுக்கான புல்லையெல்லாம் மேய்ந்து தீர்த்தது.

அங்கே வசந்தம் செப்டம்பரில் பிறக்கும். புல் தளிர்க்க, குட்டிகள் வளையைவிட்டு வெளிவரும். அந்தி நேரத்தில் குடியானவர்கள் 'பாயிண்ட் 22' என்ற சிறிய ரைபிளோடு புறப்படுவார்கள். தோட்டா மலிவு, தோலும் அதிகம் கெடாது. அந்தத் தோலின் உரோமத்தில்தான் தொப்பி செய்தார்கள். 1930-களில் வேலையிழந்த குடும்பங்களுக்கு முயல்கறியே சோறு போட்டது. 'நிலத்தடி ஆட்டுக்கறி' என்று அதற்குக் கேலிப்பெயர்!

சுட்டுத் தீரவில்லை. மேற்கே 1907-இல் முடிந்த நெடுவேலியும் தடுக்கவில்லை. 1950-இல் பரப்பிய மிக்ஸோமடோசிஸ் நோயே முயல் கூட்டத்தை வீழ்த்தியது. புல் பிழைத்தது, முயலை நம்பிப் பிழைத்தவர்களோ வேறு வேலை தேடினார்கள்.