கம்பம் கணவாய்க் காற்றோட்டக் கணிப்பு

தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் தென்மேற்குப் பருவக்காற்று எங்கே வேகம் கூடும், எங்கே தளரும் என்று கணக்கிட்டுச் சொல்லும் துறை. தமிழகக் காற்றாலைகளுக்குக் காற்றுத் தரும் கணவாய்களில் பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழியோடு கம்பமும் ஒன்று.

குமுளி மேட்டைத் தாண்டும் காற்று சரசரவென்று கூடலூர்ப் பக்கம் இறங்குகிறது. மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலை, வருசநாட்டு மலை. இடையில் நெருக்குண்டு ஓடி, தேனி, ஆண்டிபட்டி வெளியில் விரிகிறது. குறுகும் இடத்தில் வேகம் ஏறும்; விரியும் இடத்தில் வேகம் குறைந்து அழுத்தம் கூடும். ஆலைகளில் டிஃப்யூசர் என்னும் விரிகுழாய் செய்யும் வேலையும் இதுவே. குழாய் மெல்ல விரிந்தால் காற்று சுவரை ஒட்டிப் போகும். சட்டென்று விரிந்தால் சுவரை விட்டுப் பிரிந்து சுழலும். இந்தப் பிரிவுக்கு 1904இல் விளக்கம் தந்தவர் ஜெர்மானியர் லுட்விக் பிராண்டில்.

இந்தியாவில் கணிப்புக்கு முன்னால் அளவீடு வந்தது. அதில் முதற்பெயர் அன்னா மணி. குமுளிக்கு அப்பால் பீர்மேட்டில் 1918இல் பிறந்த இந்த வானிலை அறிஞர், மூலே என்பவருடன் சேர்ந்து இந்தியக் காற்றாற்றல் தரவுகளை 1983இல் நூலாக்கினார். காற்றின் திறன் வேகத்தின் மும்மடிக்கேற்ப மாறுவதால், வேகத்தை 10 சதவீதம் கூட்டிப் போட்டால் திறன் கணக்கு 33 சதவீதம் எகிறிவிடும். அளவீட்டில் அவர் காட்டிய கறார் அதனால் வீண்போகவில்லை.

குன்றின் மேல் காற்று எப்படி விரைகிறது என்பதற்கு ஜாக்சனும் ஹன்ட்டும் 1975இல் எளிய சமன்பாடுகள் தந்தனர். அவ்வழியில் டென்மார்க்கின் ரிசோ ஆய்வகம் 1987இல் வாஸ்ப் மென்பொருளை வெளியிட்டது. 2010இல் சென்னைக் காற்றாற்றல் தொழில்நுட்ப மையம் ரிசோவுடன் சேர்ந்து தயாரித்த இந்தியக் காற்று வரைபடத்துக்கும் அது ஒரு கருவி. ஆனால் வாஸ்ப் மேடுபள்ளம் குறைந்த டென்மார்க்கில் பிறந்தது. சரிவு சுமார் 17 பாகையைத் தாண்டினால் காற்று தரையை விட்டுப் பிரியும்; கணக்கு தடுமாறும். மேற்குத் தொடர்ச்சி மலையில் அப்படிச் சரிவுகளுக்குப் பஞ்சமில்லை.

அத்தகைய இடங்களுக்குக் காற்றோட்டத்தின் முழுச் சமன்பாடுகளையே தீர்க்கும் முறைகள் வேண்டும். அவற்றின் அடித்தளங்களில் ஒன்றான சிம்பிள் என்னும் வழிமுறையை 1972இல் ஸ்பால்டிங்கோடு வகுத்தவர் இந்தியரான சுஹாஸ் படாங்கர். காற்றோடு தூசியும் வந்தால் கணக்கு இன்னும் சிக்கலாகும். நுண்தூசி காற்றின் வளைவோடு வளைந்து போகும்; மணல் வளையாமல் நேரே போய்க் காற்றாலை இறக்கையின் முன்விளிம்பில் மோதி அரிக்கும். துகள் காற்றைத் தள்ளுவதையும் காற்று துகளைத் தள்ளுவதையும் ஒன்றாகக் கணக்கிடும் முறையை குரோவும் இரு சகாக்களும் 1977இல் வெளியிட்டனர். முதலில் நீர்த்துளிகளுக்காக வந்த அது, திடத் துகள்களுக்கும் பொருந்தியது.