பேறுகாலத் துணையின் வரலாறு: மருத்துவச்சி மரபும் டூலா எனும் புதிய தொழிலும்

ஆய்வுச்சுருக்கம்

பிள்ளைப்பேறு வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு இடம்பெயர்ந்தபோது, பேறு பார்க்கும் தொழில்நுட்பம் பெண்ணுடன் சென்றது. அவளருகில் இருந்த துணை வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் உருவான டூலா எனும் தொழில், அவ்விழப்பை ஈடுசெய்ய எழுந்ததே என்பதையும், அதே துணை தமிழ்நாட்டில் வேறு வடிவில் மீண்டது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பேறுகாலத் துணை, டூலா, மருத்துவச்சி, மகப்பேறு வரலாறு, பெண் உழைப்பு.

முன்னுரை

பிள்ளைப்பேற்றில் இருவகைப் பணிகள் உள்ளன. குழந்தை வெளிவர உதவுதல், கொடி அறுத்தல், குருதிப்போக்கைக் கவனித்தல் ஆகியன ஒருவகை. வலியுற்றவளின் இடுப்பை நீவிவிடுதல், கையைப் பற்றியிருத்தல், தேற்றுதல், இடைவிடாது உடனிருத்தல் ஆகியன மற்றொருவகை. முதற்பணி மருத்துவருக்கும் செவிலியருக்கும் உரியது. டூலா செய்வது இரண்டாவது பணியை மட்டுமே. இவ்வேறுபாட்டை மனங்கொண்டால்தான் பேறுகாலத் துணையின் வரலாறு தெளிவுறும்.

தமிழ் மரபில் துணை

தமிழகத்து ஊர்களில் மருத்துவச்சி முதற்பணியைச் செய்தாள். தாயும் மூத்த பெண்டிரும் இரண்டாவதை ஏற்றனர். வளைகாப்பிற்குப் பின் தலைப்பேற்றுக்காகப் பெண்ணைத் தாய்வீட்டிற்கு அழைத்துச்செல்லும் வழக்கம், இத்துணையை உறுதிசெய்த ஒரு சமூக ஏற்பாடாகும். திருச்சிராப்பள்ளித் தலபுராணக் கதையில், காவிரி வெள்ளத்தால் தாய் வந்துசேர இயலாத நிலையில், இரத்தினாவதிக்கு இறைவனே அத்தாயின் வடிவில் வந்து பேறு பார்த்தான். தாயுமானவர் என்னும் திருப்பெயர் அதனால் அமைந்தது. பேற்றின்போது தாய் அருகிலில்லாமை, இறைவன் வந்து தீர்க்கவேண்டிய அளவுக்குப் பெருங்குறையாகக் கருதப்பட்டமைக்கு இக்கதை சான்றாகிறது.

எனினும் இம்மரபைப் பொற்காலமாகக் காட்டுதல் பொருந்தாது. மருத்துவச்சியர் பலர் நாவிதர் குடியினர். பேற்றுக்குருதி தீட்டாகக் கொள்ளப்பட்டதால் அதைத் தொட்ட உழைப்பும் இழிவாக மதிக்கப்பட்டது. தாய்க்கும் சேய்க்கும் நேர்ந்த இறப்பும் மிகுதியாக இருந்தது. சென்னையில் 1844-இல் மகப்பேற்று மருத்துவமனை தொடங்கப்பெற்றதும், 1854-இல் அங்கு மருத்துவச்சியர்க்கான பயிற்சி தொடங்கியதும் இப்பின்னணியில் வைத்து எண்ணத்தக்கவை. அவை முதற்பணியைச் சீர்செய்தன. இரண்டாவது பணிக்கு மருத்துவமனையின் பணிப்பட்டியலில் இடம் அமையவில்லை.

மருத்துவமனையும் தனிமையும்

இத்தனிமை அமெரிக்காவில் மிகக் கூர்மையாக வெளிப்பட்டது. 1900-இல் அங்குப் பெரும்பாலான பேறுகள் வீட்டிலேயே நிகழ்ந்தன. 1940-இல் பாதிக்கு மேற்பட்டவை மருத்துவமனையில் நிகழ்ந்தன. மார்ஃபினும் ஸ்கோபோலமைனும் கலந்து தரும் அரைமயக்க முறை பரவியது. மயக்கத்தில் பெண்கள் கட்டிலோடு கட்டப்பட்டனர். உறவினர் வெளியே காத்திருந்தனர். 1958-இல் 'லேடீஸ் ஹோம் ஜர்னல்' இதழில் பேற்று அறைகளில் நிகழ்ந்த கொடுமைகளைப் பற்றிப் பெண்கள் எழுதிய மடல்கள் வெளிவந்தபோது, தனித்து விடப்பட்டமை அவற்றில் ஒலித்த முறையீடுகளுள் ஒன்றாயிற்று.

டூலா: சொல்லும் சான்றும்

மானிடவியலாளர் டேனா ரஃபேல் 1973-இல் வெளியிட்ட தாய்ப்பாலூட்டல் பற்றிய நூலின் வழியே டூலா என்னும் சொல் பரவியது. பேற்றுக்குப்பின் தாயைப் பேணி, பாலூட்டத் துணைபுரியும் பெண்ணையே அவர் அச்சொல்லால் சுட்டினார். பண்டைக் கிரேக்கத்தில் அது அடிமைப்பெண்ணைக் குறித்த சொல்லாகும். இழிவாக மதிக்கப்பட்ட உழைப்பின் பெயரே பின்னர் ஒரு மதிப்புறு தொழிலின் பெயராயிற்று.

சொல்லின் பொருளைப் பேற்று அறைக்குள் விரித்தவை மார்ஷல் கிளவுஸ், ஜான் கென்னல் ஆகிய குழந்தை மருத்துவர்களின் ஆய்வுகளாகும். குவாத்தமாலாவில் ஒரு மருத்துவமனையில் நிகழ்த்தப்பெற்று 1980-இல் வெளியான ஆய்வில், முன்பின் அறிமுகமில்லாத, மருத்துவப் பயிற்சியற்ற பெண்ணொருத்தி வலியுற்றவளுடன் அமர்ந்து முதுகை நீவி, கைபற்றி, பேசிக்கொண்டிருந்தாள். சிக்கலின்றிப் பெற்ற இருபதின்மரைத் திரட்டத் துணையுள்ள குழுவில் 33 பேரும், துணையற்ற குழுவில் 103 பேரும் தேவைப்பட்டனர். பேற்றுநேரம் முன்னதில் சராசரி 8.8 மணியாகவும் பின்னதில் 19.3 மணியாகவும் இருந்தது.

1991-இல் வெளியான ஹூஸ்டன் ஆய்வு இன்னும் நுட்பமானது. அறுவைப் பேற்றின் அளவு, டூலாவின் துணை பெற்றோரிடம் 8 விழுக்காடு. ஏதும் பேசாது குறிப்பெடுத்தவாறு ஒருவர் அறையில் அமர்ந்திருந்த குழுவில் 13 விழுக்காடு. எவரும் உடனில்லாக் குழுவில் 18 விழுக்காடு. வாய்திறவாத ஒருவர் அறையில் இருந்த குழுவிலும் இவ்வளவு குறைந்தமை கருதத்தக்கது. இச்சான்றுகளின் வலுவில், 1992-இல் கிளவுஸ், கென்னல், பென்னி சிம்கின் முதலியோர் டூலாக்களுக்கான வட அமெரிக்க அமைப்பை நிறுவினர்.

இழப்பின் அளவை

தொடக்க ஆய்வுகளின் வியப்பான எண்களை அப்படியே பொதுமைப்படுத்த இயலாது. 17 நாடுகளைச் சேர்ந்த 15,858 பெண்களின் தரவுகளைத் தொகுத்த 2017-ஆம் ஆண்டுக் காக்ரேன் மீளாய்வில், தொடர்துணை பெற்றோர்க்குப் பேற்றுநேரம் சராசரியாக 0.69 மணியே குறைந்தது. அறுவைப் பேற்றின் வாய்ப்பு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. பத்து மணிநேரத்திற்கு மேற்பட்ட வேறுபாடு ஒரு மணிக்கும் குறைவாகச் சுருங்கியதேன்? குவாத்தமாலா ஆய்வு நாற்பது பெண்களையே ஒப்பிட்டது என்பது ஒரு காரணம். அங்குத் துணை முற்றிலும் மறுக்கப்பட்டிருந்தது என்பது மற்றொன்று. உறவினரை முன்னரே அனுமதித்த மருத்துவமனைகளில் கூடுதல் துணையால் பெறும் பயன் சிறிதாகவே அமையும். ஆகவே இவ்வெண்கள் டூலாவின் திறனை மட்டும் அளப்பவையல்ல. அந்தந்த மருத்துவமனை பெண்ணிடமிருந்து எவ்வளவு பறித்திருந்தது என்பதையும் சேர்த்தே அளக்கின்றன.

மீண்டுவந்த துணை

பறிக்கப்பட்டது மீண்டபோது ஈரிடங்களிலும் வெவ்வேறு வடிவம் கொண்டது. அமெரிக்காவில் அது கட்டணத் தொழிலாயிற்று. துணை மிகவும் தேவைப்படும் ஏழைப்பெண்ணுக்கு அது எட்டாப் பொருளாகவே நெடுநாள் இருந்தது. ஓரிகன், மின்னசோட்டா போன்ற மாநிலங்கள் ஏழையர்க்கான அரசுக் காப்பீட்டில் டூலாவைச் சேர்த்தது 2010-களில்தான்.

தமிழ்நாட்டு மகப்பேற்று அறைகளில் பெண்கள் பட்ட நடத்தையை, 1990-களில் இங்குக் களப்பணி செய்த செசிலியா வான் ஹோலன் 2003-இல் வெளியிட்ட நூலில் விரிவாகப் பதிவுசெய்தார். 2004-இல் தமிழ்நாடு அரசு, அரசு மருத்துவமனைகளில் பேறுகாலத் துணைவர் திட்டத்தைத் தொடங்கியது. பெண்ணின் உறவினளே கட்டணமின்றி உடனிருக்க இது வழிசெய்தது. 2018-இல் உலக நலவாழ்வு நிறுவனமும் பெண் தானே தேர்ந்த துணையைப் பரிந்துரைத்தது.

எனினும் உரிமை ஏட்டில் இருப்பதற்கும் அறையில் நிகழ்வதற்கும் இடைவெளி உண்டு. பல கட்டில்கள் திரையின்றி அடுத்தடுத்துள்ள அறையில், ஒருத்தியின் துணை மற்றொருத்தியின் மறைவுக்கு இடையூறாகிறது. துணைக்கு வரும் தாயோ மாமியாரோ ஒருநாள் கூலியை இழக்கிறார்; அவ்வுழைப்பு எக்கணக்கிலும் ஏறுவதில்லை.

முடிவுரை

மருத்துவச்சிக்கு அருகில் அமர்ந்திருந்த தாயின் பணியே டூலாவின் பணி. மருத்துவமனை அதனை நீக்கியது; ஆய்வுகள் நீக்கத்தின் விளைவை எண்ணால் காட்டின; அதன்பின் அப்பணி ஓரிடத்தில் விலையுடனும் ஓரிடத்தில் உறவின் கடமையாகவும் திரும்பியது. விலை கொடுக்க இயலாதவளையும், உடன்வர உறவில்லாதவளையும் இவ்விரு வழிகளும் விட்டுவிடுகின்றன. வெள்ளத்தால் தாய் வர இயலாத இரத்தினாவதியின் நிலை அவர்களுக்கு இன்றும் உள்ளது. அவர்களுக்கான துணையைப் பொதுநலவாழ்வின் பொறுப்பாகக் கொள்வதே இவ்வரலாறு சுட்டும் எஞ்சிய பணியாகும்.