காத்து எங்கேருந்து வருது? - ஒரு குழாயின் வரலாறு

கார் வச்சிருக்கிற பசங்க நாலு பேர் கூடினா கண்டிப்பா ஒரு பஞ்சாயத்து வரும். இன்ஜினுக்கு குளிர்ந்த காத்தை இழுத்துக் கொடுக்கிற குழாய் இருக்கே, அதான் 'கோல்டு ஏர் இன்டேக்', அதைக் கடையில வாங்கி மாட்டுறதா, இல்ல நாமளே பட்டறையில உக்காந்து பண்ணிக்கிறதா? ஒருத்தன் பிராண்டு பேரா அடுக்குவான். இன்னொருத்தன், "போடா, ரெண்டு பிவிசி எல்போ, ஒரு ஃபில்டர், முடிஞ்சது மேட்டர்" என்பான். நானும் மெக்கானிக்கல் படிச்சுட்டு பொட்டி தட்டுற கூட்டம்தான். படிச்சது வீணாப் போகக்கூடாதேன்னு இந்தக் குழாயோட பூர்வீகத்தைக் கொஞ்சம் தோண்டினேன். தோண்டத் தோண்ட, இது கார்ப் பசங்க கண்டுபிடிச்ச சண்டையே இல்லை, ஒரு உலகப் போரையே பார்த்த சண்டைன்னு தெரிஞ்சது. அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், டீ வாங்கி வச்சுக்குங்க :)

முதல்ல ரெண்டு வரி பாடம். பெட்ரோல் எரிய அதன் எடையைப் போல ஏறக்குறைய 14.7 மடங்கு காற்று வேணும். காற்று சூடானா விரியும், அதே இடத்துல எடை குறையும். 30 டிகிரி காற்றையும் 60 டிகிரி காற்றையும் ஒப்பிட்டால், சூடான காற்றோட அடர்த்தி சுமார் 9 சதவீதம் குறைவு. பானெட்டுக்கு அடியில ரேடியேட்டர் பக்கத்துல இருக்கிற வெந்த காத்தை இழுக்காம, வெளிக்காத்தை இழுத்தா இன்ஜினுக்குத் தெம்பு கூடும். இவ்வளவுதான் சூத்திரம். ஆனா வெளிக்காத்து தனியா வராது. புழுதியையும் தண்ணியையும் கூட்டிக்கிட்டுத்தான் வரும். குளிர்ச்சி, சுத்தம், தடையில்லாத வழி - இந்த மூணும் ஒண்ணோட ஒண்ணு மல்லுக்கட்டும். ஒண்ணைக் கூட்டினா இன்னொண்ணு அடி வாங்கும். இந்தக் குழாயோட சரித்திரமே இந்த மல்லுக்கட்டுதான்.

எகிப்தில் ஒரு பட்டறை

1942. வட ஆப்பிரிக்கப் பாலைவனப் போர். இங்கிலாந்தின் பெருமையான ஸ்பிட்ஃபயர் விமானங்கள் அங்கே போய் இறங்கின. இங்கிலாந்து காத்துக்குப் பொறந்த இன்ஜின், பாலைவன மணல்ல என்ன ஆகும்? சிலிண்டர் தேய்ஞ்சு போகும். அதனால மூக்குக்குக் கீழே 'வோக்ஸ்' என்ற கம்பெனியோட பெரிய ஃபில்டரை மாட்டி அனுப்பினாங்க. பார்க்க, விமானத்துக்குத் தாடை வீங்கின மாதிரி இருக்கும். மணல் நின்றது. கூடவே விமானத்தின் வேகமும் மேலேறும் திறனும் குறைந்தன. எதிரில் வருவது ஜெர்மன் மெஸர்ஷ்மிட். ஆகாயச் சண்டையில மேலே ஏற முடியலைன்னா கதை கந்தல்.

அலெக்சாண்ட்ரியா பக்கத்துல அபூகிர்னு ஒரு ஊர். 1798-ல் நெல்சன் பிரெஞ்சுக் கப்பல் படையை அடிச்ச அதே அபூகிர்தான். அங்கே இருந்த பிரிட்டிஷ் விமானப்படையின் பராமரிப்புப் பட்டறை ஆட்கள் கையில இருந்ததை வச்சு, வோக்ஸை விடச் சின்னதா, காத்துத் தடை குறைஞ்ச ஒரு ஃபில்டரைச் செஞ்சாங்க. அதுக்கு 'அபூகிர் ஃபில்டர்' என்றே பெயர் நிலைச்சுப் போச்சு. கம்பெனிச் சரக்கு ஒருபக்கம், பட்டறைச் சரக்கு ஒருபக்கம். எனக்குத் தெரிஞ்சு நம்ம பஞ்சாயத்தோட மூத்த வழக்கு இதுதான். பட்டறை ஜெயிச்சது.

ஏன் ஜெயிச்சதுன்னு கவனிக்கணும். அவங்க ஃபில்டரைக் கழட்டி எறியலை. மணலைத் தடுக்கிற வேலையை விட்டுக்கொடுக்காம, தடையை மட்டும் குறைச்சாங்க. அந்த மணல் எப்படிப்பட்டதுன்னு தினமும் இன்ஜினைப் பிரிச்சுப் பார்த்த கை அவங்களோடது.

அமெரிக்காவில் கடைக்கு வந்த கதை

போர் முடிஞ்சதும் வேகப் பைத்தியம் அமெரிக்கத் தெருவுக்கு இறங்கியது. காடியில் ஓட்டைபோட்டு, குழாய் விட்டு, வீட்டு கராஜில் செஞ்சு பார்த்த வித்தைகளைக் கம்பெனிகள் கவனிச்சுக்கிட்டே இருந்தன. 1965-ல் பாண்டியாக் கம்பெனி தன் ஜி.டி.ஓ காருக்கு, பானெட் வாய் வழியா காத்தை இழுக்கிற சாமானை டீலர் கடைகளில் விற்றது. 1966-ல் ஓல்ட்ஸ்மொபைல் 442 காரின் டபிள்யூ-30 மாடலில் முன் பம்பர் பக்கத்துலேருந்து ரெண்டு பெரிய குழாய் ஃபில்டருக்குப் போகும். குழாய்க்கு இடம் பத்தலைன்னு பேட்டரியையே டிக்கிக்குத் தூக்கிட்டாங்க!

1969 வாக்கில் கலிஃபோர்னியாவின் கே அண்டு என் ஆட்கள், கழுவித் திரும்ப மாட்டக்கூடிய ஃபில்டரோடு வந்தாங்க. உள்ளே என்ன தெரியுமா? பல அடுக்குப் பருத்தி வலைத்துணி, அதுல லேசா எண்ணெய். ராஜபாளையம் பக்கம் சத்திரப்பட்டி தெரிஞ்சவங்களுக்கு இப்போ சிரிப்பு வரும். நாட்டுல பாதிப் பேர் காயத்துக்குக் கட்டுற பேண்டேஜ் துணி நெய்யுற ஊரு அது. சொந்தக்காரத் துணி கலிஃபோர்னியாவுல ரேஸ் காருக்குள்ள உக்காந்திருக்கு! (அதுக்காக மருந்துக்கடை பேண்டேஜை வாங்கி ஃபில்டர் பண்ணிடாதீங்க அண்ணாச்சி. நெசவு இடைவெளி வேற, அடுக்கு வேற, எண்ணெய் வேற.)

அதே கலிஃபோர்னியாவில்தான் இதுக்குக் கடிவாளமும் வந்தது. புகை விதியை மீறலைன்னு அரசாங்க வாரியம் நம்பர் கொடுத்த சாமானைத்தான் தெருவில் ஓடும் வண்டியில் மாட்டலாம். ஆக அங்கே கடைச் சரக்குங்கிறதுக்கு ஒரு அர்த்தம் உண்டு. யாரோ சோதிச்சுப் பார்த்திருக்காங்க.

சோழவரமும் சூட்டுக் காத்தும்

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் ஒண்ணு கிடந்தது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே ரேஸ் நடத்தியது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரத் தடம் வரும்வரை தென்னிந்திய ரேஸுக்கு சோழவரம்தான் குலதெய்வக் கோயில்.

அந்தக் காலத்து ரேஸ் ஆளுக்கு நம்ம பஞ்சாயத்தே கிடையாது. வாங்கக் கடை இருந்தால்தானே? 1991-க்கு முந்தைய இறக்குமதி லைசென்ஸ் ராஜ்யத்தில் வெளிநாட்டு ரேஸ் சாமான் கொண்டு வர்றது ராஜாக்களுக்கும் பெரும் முதலாளிகளுக்கும்தான் கட்டுப்படியாகும். விஜய் மல்லையா 80-களின் தொடக்கத்தில் என்சைன் ஃபார்முலா ஒன் காரையே சோழவரத்தில் ஓட்டினார். மற்றவங்களுக்கு? சென்னைக்குப் பக்கத்துலயே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, ஃபியட், அம்பாசடர். இவற்றைப் பிரிச்சு, லேத்துல கொடுத்துக் கடைஞ்சு, தகரம் வளைச்சு ரேஸ் வண்டி ஆக்கினாங்க. ஆசைப்பட்டு வீட்டுத் தயாரிப்புக்குப் போனவங்க இல்லை, வேற வழியில்லாமப் போனவங்க.

அந்த நெருக்கடியிலிருந்து வந்தவர்தான் கோவை எஸ்.கரிவரதன். மில் குடும்பத்துக்காரர், தானே ரேஸ் ஓட்டுபவர். 1980-களின் கடைசியில் சாதாரண மாருதி 800-ன் 796 சிசி இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார்களை உருவாக்கினார். ஃபார்முலா மாருதி. நாராயண் கார்த்திகேயன் ரேஸுக்குள் நுழைந்தது அந்த வண்டியில்தான். 2005-ல் அவர் ஃபார்முலா ஒன் போனார். கரிவரதன் அதைப் பார்க்க இல்லை. 1995-ல் விமான விபத்தில் இறந்துபோனார். செட்டிப்பாளையம் ரேஸ் தடத்துக்கு இன்று அவர் பெயர்தான்.

அப்புறம் நடந்ததுதான் வட்டம் முழுசாகிற இடம். அதே கோவையின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ், டாடாவோடு கூட்டுச் சேர்ந்து 2018-ல் டியாகோ ஜேடிபி காரைக் கொண்டு வந்தது. 1.2 லிட்டர் டர்போ, 112 குதிரைத்திறன், காத்து வழியும் சைலன்சர் பக்கமும் கோவை ஆட்கள் கைபட்டது. பட்டறை வித்தை கேரண்டி கார்டோட ஷோரூமுக்கே வந்துடுச்சு! 2020-ல் கூட்டு கலைஞ்சு கார் நின்னுபோனது வேற சோகம்.

அம்பாசடரின் ஆயில் டப்பா

ரேஸ் பக்கம் இப்படின்னா, நம்ம ரோட்டு வண்டிகளுக்கு வேற ஞானம். எங்க கான்சாபுரத்தை எடுத்துக்குங்க. மருதநாயகம் என்கிற கான் சாகிபு பெயரால் வந்த ஊர் என்பார்கள். மேற்கே மலை, சுத்தி வயலும் தென்னையும். கிழக்கே சாத்தூர் பக்கம் போனா கரிசல் புழுதி, மலையோரம் செம்மண், ராஜபாளையம் பக்கம் மில்லுப் பஞ்சு. அந்தக்கால அம்பாசடர், ஜீப், டிராக்டர் எல்லாத்துலயும் 'ஆயில் பாத்' ஃபில்டர். உள்ளே வர்ற காத்து ஒரு எண்ணெய்க் கிண்ணத்தின் மேல மோதித் திரும்பும். கனமான தூசு எண்ணெயில் விழுந்து சேறாகும், மிச்சத்தை எண்ணெய் ஊறின கம்பிவலை பிடிச்சுக்கும். சேறானால் கொட்டிட்டுப் புது எண்ணெய். புது ஃபில்டர் வாங்க மதுரைக்கு ஓட வேண்டாம். வேகத்துக்காகச் செஞ்சதில்லை, புழுதிக்காகச் செஞ்சது.

மாருதியின் பழைய கார்புரேட்டர் 800-ல் இன்னொரு அழகு. ஏர் ஃபில்டர் டப்பாவில் கோடைக்கு ஒரு நிலை, குளிர்காலத்துக்கு ஒரு நிலை. குளிர்காலத்தில் வேணும்னே சைலன்சர் பக்கத்துச் சூட்டுக் காத்தை இழுக்கும், கார்புரேட்டர் உறையாம இருக்க. அதாவது, காத்து எங்கேருந்து வரணும்னு கம்பெனிக்காரன் ஏற்கனவே யோசிச்சு வச்சிருக்கான். பிற்பாடு வந்த பெரும்பாலான கார்களில் ஹெட்லைட்டுக்குப் பின்னாலயோ கிரில் ஓரமாவோ வெளிக்காத்தை இழுக்கிற மூக்கு கம்பெனியிலேருந்தே உண்டு. நம்ம 'கோல்டு ஏர் இன்டேக்' ஏற்கனவே வண்டிக்குள்ளதான் இருக்குங்க!

அப்போ எது?

ஊருல என் மாமா மகன் இதே கேள்வியைத்தான் கேட்டான். என் தீர்ப்பைச் சொல்றேன், ஏத்துக்கிறது உங்க இஷ்டம்.

கடையில் வாங்கும் செட்டில் பாதி, பளபளன்னு ஒரு குழாயும் மூடியில்லாத கூம்பு ஃபில்டரும்தான். அதைப் பானெட்டுக்குள்ளேயே திறந்த வாக்கில் மாட்டினா, சத்தம் நல்லா வரும், இழுக்கிறது என்னவோ வெந்த காத்து. காசு கொடுத்து இருந்ததைக் கெடுத்துக்கிற வேலை. பிவிசி குழாயும் இன்ஜின் சூட்டில் இளகி நெளியுற ஜாதி. மைலேஜ் கூடும்னு சொன்னா நம்பாதீங்க. சாதாரணமா ஓட்டும்போது ஆக்சிலேட்டரைப் பாதிகூட மிதிக்கிறதில்லை, காத்து வழியை நாமளேதான் அடைச்சு வச்சிருக்கோம். பெரிய குழாய் போட்டு என்ன பிரயோஜனம்?

குளிர்ந்த காத்துக்கு ஆசைப்பட்டுக் குழாயைப் பம்பருக்குக் கீழே இறக்குறது இன்னும் ஆபத்து. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தையும், 2023 டிசம்பரில் தூத்துக்குடி, நெல்லை மூழ்கினதையும் பார்த்தவங்க நாம. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. தண்ணீரை அமுக்க முடியாது. குழாய் வழியா ஒரு டம்ளர் தண்ணி சிலிண்டருக்குள்ள போனாலே கனெக்டிங் ராடு வளைஞ்சிடும். கம்பெனிக்காரன் அந்த மூக்கை உயரத்தில் வச்சதுக்கு அதுவும் ஒரு காரணம்.

சட்டமும் இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி சொன்ன விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. ஏர் ஃபில்டர் ஆர்சி புத்தகத்தில் வர்ற விஷயமில்லைதான். ஆனா புகைச் சோதனையிலும் வாரண்டியிலும் கேள்வி வந்தா பதில் சொல்ல வேண்டியது நீங்க.

அதனால மாமா மகனுக்குச் சொன்னது இதுதான். "செட்டும் வேணாம், பிவிசியும் வேணாம்டா. முதல்ல பானெட்டைத் திறந்து அந்த மூக்குக் குழாய் இருக்கான்னு பாரு." பழைய வண்டிகள் பலதுல அது கிழிஞ்சிருக்கும், இல்ல சர்வீஸ்ல எங்கேயோ கழண்டு, திரும்ப மாட்டாமலே விட்டிருப்பாங்க. டப்பா அனாதையா வெந்த காத்தைக் குடிச்சுக்கிட்டு இருக்கும். அந்தக் குழாய் கிடைச்சா வாங்கு. கிடைக்கலைன்னா, சூடு தாங்குற ரப்பர் ஹோஸை அதே அளவுல வெட்டி, அதே உயரத்துல, அதே இடத்துல நிறுத்து. உள்ளே கம்பெனி பேப்பர் ஃபில்டர். நம்ம புழுதிக்குக் கம்பெனி சொன்ன கிலோமீட்டருக்கு முன்னாடியே மாத்து.

இது வீட்டுத் தயாரிப்பா, கடைச் சரக்கா? அபூகிர் பட்டறைக்காரங்களைக் கேட்டா ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்லியிருப்பாங்க. தூசைத் தடுக்குதா, தடை குறைவா இருக்கா, தண்ணி ஏறாம இருக்கா - இந்த மூணு கேள்விக்கும் பதில் சொல்ற குழாய் எதுவோ அதை மாட்டுங்க. அது எங்கே செஞ்சதுங்கிறது அதுக்கு அப்புறம்தான்.

டிஸ்கி: கூம்பு ஃபில்டரோட உர்ர்ர் சத்தத்துக்காகவே மாட்டுறேன்னு சொல்ற ரசிகக் கண்மணிகளுக்கு இந்தப் பதிவு பொருந்தாது. அது அறிவியல் இல்லை, இசை. சங்கீதத்துல நான் தலையிடுறதில்லை :)