நாற்பத்திரண்டாவது ஆள் தப்பித்தான், மற்றவர்கள்?

எங்கள் வாசிப்பு வட்டத்தில் சென்ற மாதம் ‘எல் பைலே தே லோஸ் 41’ என்ற மெக்சிகோ படத்தைப் போட்டோம். தாவித் பாப்லோஸ் இயக்கி 2020இல் வந்த படம். ‘நாற்பத்தொருவரின் நடனம்’ என்று சொல்லலாம். படம் முடிந்து விளக்கைப் போட்டதும் பொதுவாக நடிப்பு, இசை என்றுதான் பேச்சு தொடங்கும். அன்று முதலாமாண்டு மாணவர் ஒருவர் எழுந்து, “தோழர், தப்பிச்ச ஆளோட கதையை ஒன்றரை மணி நேரம் பார்த்தோம். மாட்டுன நாற்பத்தொரு பேரு என்ன ஆனாங்க?” என்று கேட்டார். அன்றைக்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். அந்தக் கடனைத் தீர்க்கவே இதை எழுதுகிறேன்.

படத்தின் கதை எளிமையானது. இக்னாசியோ தே லா தோர்ரே ஒரு பணக்கார வீட்டுப் பிள்ளை. மெக்சிகோவை ஆண்ட போர்ஃபிரியோ தியாஸின் மகள் அமாதாவைக் கட்டிக்கொள்கிறான். மாமனார் அதிபர் என்றால் பதவி தானாக வரும் என்பது கணக்கு. ஆனால் அவன் மனம் எவாரிஸ்தோ என்ற இளைஞனிடம் இருக்கிறது. நகரத்து மேட்டுக்குடி ஆண்கள் ரகசியமாகக் கூடும் ஒரு சங்கத்தில் இருவரும் சந்தித்துக்கொள்கிறார்கள். வீட்டிலோ மனைவி குழந்தை கேட்கிறாள், மாமனார் பேரன் கேட்கிறார். எவாரிஸ்தோ கற்பனைப் பாத்திரம். இக்னாசியோவும் அமாதாவும் உண்மையில் வாழ்ந்தவர்கள். அவர்களுக்கு 1888இல் திருமணம் நடந்தது, குழந்தை இல்லை.

அமாதாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் 1867இல் பிறந்தவர். தாய் ரஃபாயெலா கின்யோனெஸ் பழங்குடிப் பெண், தியாஸின் மனைவி அல்ல. பின்னாளில்தான் அமாதா தந்தையின் வீட்டுக்குக் கொண்டுவரப்பட்டார். தியாஸின் தாய்வழியும் மிஷ்டெக் பழங்குடி வம்சம்தான். அப்படிப்பட்டவரின் அரசவையில் வெள்ளைத்தோலும் பிரெஞ்சு நாகரிகமும்தான் மரியாதை. அங்கே பழங்குடித் தாய்க்குப் பிறந்த மகளுக்குக் கரும்புத் தோட்ட முதலாளி வீட்டு மாப்பிள்ளை கிடைக்கிறான், அந்த வீட்டுக்கு அதிகாரம் கிடைக்கிறது. இந்தப் பேரத்தில் அமாதாவின் விருப்பத்தை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அவரைக் கணவனின் காதலுக்குக் குறுக்கே நிற்கும் வில்லியாக மட்டும் பார்த்துவிட்டுப் போகிற தோழர்கள் இதை யோசிக்க வேண்டும். அந்த வீட்டில் கூண்டுக்குள் இருந்தது ஒருவர் அல்ல, இரண்டு பேர்.

இனி வரலாறு. 1901 நவம்பர் 17. மெக்சிகோ நகரத்தில் தே லா பாஸ் தெருவில் ஒரு வீட்டில் நடனம் நடக்கிறது. போலீஸ் உள்ளே நுழைகிறது. உள்ளே இருந்த எல்லோரும் ஆண்கள். ஏறக்குறைய பாதிப் பேர் கவுனும் பொய்முடியும் நகையுமாகப் பெண்ணுடையில் இருந்தார்கள். முதலில் 42 பேர் என்ற பேச்சு இருந்தது, பிறகு அது 41 ஆனது. கழிந்துபோன அந்த ஒருவர் அதிபரின் மருமகன்தான் என்று ஊரே பேசியது. அரசு கடைசிவரை எந்தப் பட்டியலையும் வெளியிடவில்லை. அதனால் அது வதந்தியாகவே வரலாற்றில் நின்றுவிட்டது. படம் அந்த வதந்தியை உண்மையாக எடுத்துக்கொண்டு கதை சொல்கிறது.

சட்டம் படிக்கும் மாணவர்கள் இங்கே கவனியுங்கள். மெக்சிகோவின் 1871ஆம் ஆண்டு தண்டனைச் சட்டத்தில் ஆணும் ஆணும் உறவுகொள்வது குற்றமே இல்லை. நடனமாடுவதும் குற்றமில்லை. அப்படியானால் எதற்குப் பிடித்தார்கள்? ‘ஒழுக்கத்துக்கும் நல்ல பழக்கவழக்கங்களுக்கும் எதிரான செயல்’ என்ற பொத்தாம்பொதுவான பிரிவு ஒன்று கையில் இருந்தது. யாருடைய ஒழுக்கம், எது நல்ல பழக்கம் என்பதைப் போலீஸ்காரரே முடிவு செய்துகொள்ளலாம். முறையான விசாரணை இல்லை. காசும் செல்வாக்கும் இருந்தவர்கள் வெளியே வந்துவிட்டார்கள் என்பதே அன்றிலிருந்து சொல்லப்படும் செய்தி. மிச்சமிருந்தவர்களைப் பெண்ணுடையிலேயே தெருக் கூட்ட வைத்து அவமானப்படுத்தினார்கள் என்றும் பரவலாகச் சொல்லப்படுகிறது. ஒரு மனிதனைக் கேவலப்படுத்த வேண்டுமென்றால் கையில் துடைப்பத்தைக் கொடு என்று எந்த நாட்டு அதிகாரத்துக்கும் தோன்றிவிடுகிறது. துடைப்பம் பிடிப்பதே அன்றாட வேலையாக இருந்தவர்கள் அந்தத் தெருவோரம் நின்று இதை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

பிறகு அவர்களை ரயிலேற்றி, கப்பலேற்றி யுகடானுக்கு அனுப்பினார்கள். என்னைப் பொறுத்தவரை மொத்தக் கதையின் முடிச்சும் இங்கேதான் இருக்கிறது.

யுகடானில் 1847 முதல் மாயா பழங்குடிகள் நிலத்துக்காகவும் வரிக்கொடுமைக்கு எதிராகவும் போரிட்டு வந்தார்கள். அந்தப் போருக்கு வெள்ளை நில உடைமையாளர்கள் வைத்த பெயர் ‘கெர்ரா தே காஸ்தாஸ்’. அதாவது சாதிப் போர். ‘காஸ்தா’ என்பது ஸ்பானியமும் போர்த்துகீசியமும் பகிர்ந்துகொள்ளும் சொல். போர்த்துகீசியர் அதைத்தான் நம் கரைக்குக் கொண்டுவந்து நம் சமூகத்தின் மீது ஒட்டினார்கள். ஆங்கிலத்தில் நாம் சொல்லும் ‘காஸ்ட்’டின் வேர் அதுதான். அமெரிக்கக் கண்டத்திலோ அது வெள்ளையர், பழங்குடி, ஆப்பிரிக்கர், கலப்பினத்தார் என்று பிறப்பை வைத்து மனிதரை அடுக்கிய சொல். உரிமை கேட்டு எழுந்தவர்களின் போராட்டத்துக்கு ‘சாதிக் கலவரம்’ என்று பெயர் வைப்பது நமக்குப் புதிதா என்ன?

1901 மே மாதம் அரசுப் படை மாயாக்களின் தலைநகரான சான் சாந்தா குரூஸைப் பிடித்தது. போர் முடிந்ததாக அறிவித்தார்கள். அதே ஆண்டு நவம்பரில்தான் இந்த ஆட்கள் அங்கே போகிறார்கள். சண்டை போட அல்ல. சண்டையிடும் தகுதிகூட அவர்களுக்கு இல்லை என்று கருதியதால், திருடர்கள், நாடோடிகள் என்று பிடித்தவர்களோடு சேர்த்து, கைப்பற்றிய ஊர்களில் பொதுப்பணிக்கும் குழி வெட்டவும் அனுப்பினார்கள். அதே யுகடானின் கற்றாழை நார்த் தோட்டங்களில் மாயாக்கள் கடனடிமைகளாகக் கிடந்தார்கள். வடக்கே சொனோராவிலிருந்து யாகி பழங்குடிகளையும் குடும்பம் குடும்பமாகப் பிடித்துவந்து அங்கே தள்ளியது அதே அரசு. வேண்டாதவர்கள் எல்லோரையும் கொட்ட அந்த ஆட்சிக்கு ஒரே இடம்தான்.

படத்தின் கேமரா யுகடானுக்குப் போகவில்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்திலும் மாளிகையின் சாப்பாட்டு மேசையிலுமே நின்றுவிடுகிறது. காதல் காட்சிகள் கண்ணியமாக, அழகாக இருக்கின்றன, அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கரும்புப் பணம் எங்கிருந்து வந்தது? மொரேலோஸில் நிலமிழந்த விவசாயிகளின் உழைப்பிலிருந்து. எமிலியானோ சபாதா புரட்சிக்குச் சற்று முன்பு இதே தே லா தோர்ரேயின் குதிரை லாயத்தில் கொஞ்ச காலம் வேலை பார்த்தார். எஜமானின் குதிரைகளுக்கு இருந்த வசதி தன் ஊர் மனிதர்களுக்கு இல்லை என்பதை அங்கே கண்ணால் பார்த்தார். அந்த லாயத்திலிருந்து ஒரு படம் எடுத்தால் நான் முதல் ஆளாகப் போய் உட்காருவேன்.

சம்பவத்துக்குப் பிறகு ஓவியர் ஹோசே குவாதலூப்பே போசாதா வரைந்த மலிவு அச்சுத்தாள்கள் தெருத்தெருவாக விற்றன. மீசை வைத்த ஆண்கள் கவுன் போட்டு ஆடுகிறார்கள். ஊர் சிரித்தது. போசாதா ஏழைகளின் ஓவியர் என்று கொண்டாடப்படுபவர். அவர் கையும் அன்று அடிபட்டவர் பக்கம் நிற்கவில்லை. 41 என்ற எண்ணே கெட்ட வார்த்தையானது. படைப்பிரிவுக்கோ மருத்துவமனை அறைக்கோ அந்த எண்ணை வைக்கத் தயங்கினார்கள். நாற்பதிலிருந்து நாற்பத்திரண்டுக்கு வயதைத் தாவிச் சொன்ன ஆண்களும் உண்டு.

இக்னாசியோ 1918இல் நியூயார்க்கில் இறந்தார். அமாதா 1962 வரை வாழ்ந்தார். மெக்சிகோ நகரத்தில் தன்பாலினத் திருமணச் சட்டம் 2009இல் நிறைவேறி மறு ஆண்டு மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. 2022 அக்டோபரில் கடைசி மாநிலமான தமாவ்லிபாஸும் ஏற்றுக்கொள்ள, 32 மாநிலங்களும் முடிந்தன.

ஆனால் தெருவில் அது தொடங்கியது 1978இல். ஜூலையில் கியூபப் புரட்சியைக் கொண்டாடிய ஊர்வலத்தின் நடுவே, தங்களை வெளிப்படையாக அறிவித்துக்கொண்ட ஒரு சிறு கூட்டம் பதாகையோடு நடந்தது. அக்டோபர் 2 அன்று, த்லதெலோல்கோவில் ராணுவம் மாணவர்களைச் சுட்டுக் கொன்றதன் பத்தாம் ஆண்டு நினைவுப் பேரணியிலும் அவர்கள் வந்தார்கள். இந்த முறை முகத்தை மூடிக்கொள்ளவோ பெயரை மறைக்கவோ அவர்களுக்கு மனமில்லை. கொல்லப்பட்ட மாணவர்களுக்காக வந்திருந்தவர்களோடு சேர்ந்து நடந்தார்கள்.