சீவலாய்ப் போன செல்வம்

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், ஜெர்மனியின் பிட்டர்ஃபெல்டில் நின்ற 30,000 டன் அழுத்து யந்திரத்தைச் சோவியத் படையினர் கழற்றிக் கொண்டுபோய்விட்டார்கள் என்ற செய்தி அமெரிக்க விமானப்படையாரின் மனத்தை உறுத்திற்று. அதன் விளைவாக 1950-ல் எழுந்த பெருந்திட்டத்தில் பிறந்த பத்து யந்திரங்களுள் மிகப் பெரியவை இரண்டு. கிளீவ்லாந்திலும் மாசசூசெட்ஸிலுள்ள நார்த் கிராஃப்டனிலும் நிறுவப்பட்ட இவை ஒவ்வொன்றும் 50,000 டன் பலம் உடையவை. அலுமினியத்தையும் மக்னீசியத்தையும் மனத்தில் வைத்துக் கட்டிய அந்த அசுரர்களின் முன்னே டைட்டானியம் வந்து நின்றபோதுதான், பலம் ஒன்றே போதாது என்பது விளங்கிற்று.

எடையில் எஃகுக்கு ஏறக்குறைய பாதியும் உறுதியில் அதற்கு நிகரும் ஆன இவ்வுலோகம் உலைக்களத்தில் படுத்தும் பாடு கொஞ்சமல்ல. நூற்றுக்கு ஆறு பங்கு அலுமினியமும் நாலு பங்கு வனேடியமும் கலந்த பிரசித்தமான கலவையை 950 டிகிரி அளவில் காய்ச்சி எடுத்தால், அதைவிட வெகுவாய்க் குளிர்ந்த அச்சு தொட்ட மாத்திரத்தில் அதன் மேற்புறம் விறைத்துப்போய், அச்சின் மூலைகளில் ஏறிப் பாய மறுக்கிறது. காற்றிலுள்ள பிராணவாயுவோ சூடான உலோகத்தில் ஊறி நொறுங்குந்தன்மையுள்ள தோலாகிவிட, அதை அமிலத்தில் அரித்துப் போக்கியாக வேண்டும். ஆகையால் பட்டறைக்காரர்கள் தேவைக்கு மேல் சதைவைத்தே அடித்துக் கொடுத்தார்கள். கடைசலில் அது சீவலாய் உதிர்ந்தது. விலையுயர்ந்த உலோகத்தை எடை போட்டு வாங்கி அதில் பெரும்பகுதியைக் குப்பைக்கூடையில் தள்ளுவதை, வாங்கியதற்கும் பறப்பதற்கும் உள்ள விகிதம் என்று தொழிலார் நாசூக்காகச் சொல்வார்கள்.

பரிகாரம் நிதானத்தில் இருந்தது. பிராட் அண்ட் விட்னி கம்பெனியின் மூர், ஏத்தி என்பார் 1970-ல் பெற்ற காப்புரிமை, அச்சையும் உலோகத்தின் உஷ்ணத்துக்கே ஏற்றி, அவசரமின்றி அழுத்தினால் அது வெல்லப்பாகுபோல் ஒழுகி மூலைமுடுக்கெல்லாம் நிரம்பும் என்று காட்டிற்று. நிக்கல் கலவைகளுக்காகக் கண்ட இம்முறை டைட்டானியத்துக்கும் கைகொடுத்தது. ஆனால் அந்த உஷ்ணத்தைத் தாங்கும் அச்சே யானை விலை. மாலிப்டினத்தாலாயின், காற்றில் வெந்துபோகாதபடி வெற்றிடத்திலோ மந்தவாயுவிலோ வைக்க வேண்டும். பத்துத் துண்டுகளுக்கு நஷ்டமாகும் கணக்கு ஆயிரம் துண்டுகளுக்கு லாபமாகும் என்பதே என் அபிப்பிராயம்.

வேறு சிலர் உலோகத்தையே மாற்றினார்கள்: நூற்றுக்கு 10 பங்கு வனேடியம் கலந்த டைட்டானியக் கலவை 800 டிகிரிக்குச் சற்றே கீழேயே இளகிக்கொடுப்பதால் அச்சின் சிரமம் குறைகிறது, போயிங் 777-ன் சக்கரத் தாங்கியில் அது இடம்பெற்றது. நம் நாட்டில், ஜாகுவார், ஹாக் விமானங்களின் அடோர் எஞ்சினுக்கு வேண்டிய அமுக்கித் தட்டுகளை, ஐந்து கட்டங்களுக்கும், ஹைதராபாத் ராணுவ உலோக ஆராய்ச்சிச் சாலையார் அச்சையும் சூடாக்கி அழுத்தும் முறையை ஒட்டியே செய்துவிட்டதாக 2021-ல் அறிவிக்கப்பட்டது. அவர்கள் பயன்படுத்திய பிரஸ் 2,000 டன்தான்.