பனி நாடுகளில் நம் பருத்தி

சென்ற ஆண்டு ஆவணித் திங்களில், என்பாற் பயின்ற மாணவன் ஒருவன் மேற்படிப்பின்பொருட்டு ஒல்லாந்து நாட்டுக்குப் புறப்பட ஆயத்தமானான். நம் சங்கத்தைச் சேர்ந்த எளிய குடும்பத்தினன் அவன். அவன் அன்னையார் ஒருநாள் மாலை என் இல்லத்துக்கு வந்து, "வாத்தியார் ஐயா! பிள்ளைக்கென்று எட்டுப் பருத்திச் சட்டைகள் தைத்து வைத்திருந்தேன். உறவினர் ஒருவர் அவற்றைப் பார்த்துவிட்டு, 'இவை அந்நாட்டுக் குளிருக்கு ஆகா. எல்லாவற்றையும் இங்கேயே விட்டுவிட்டுப் புதியன வாங்குங்கள்' என்கிறார். கையிலிருந்த பொருளெல்லாம் பயணத்துக்கே செலவாகிவிட்டது. நம் துணி அங்கே ஒன்றுக்கும் உதவாதா?" என்று வினவினார்.

அவ்வம்மையார்க்கு அன்று யான் கூறிய விடையே ஈண்டு ஒரு சிறு வரலாற்றுக் கட்டுரையாக விரிகின்றது. நம்மவரிற் பலர் தறியையும் துணிக்கடையையும் நம்பி வாழ்பவராதலானும், நம் பிள்ளைகள் பலர் இந்நாளிற் குளிர் நாடுகளுக்குச் செல்பவராதலானும், இவ்வரலாறு நம் குடும்பங்களுக்குப் பயன்படும் என்பது என் துணிபு.

பருத்தி வெயிலுக்குரியது, கம்பளி பனிக்குரியது என்பது நம்மனோர் யாவரும் கொண்டுள்ள எண்ணம். இஃது ஒருபாதி உண்மையே. மற்றைப் பாதி யாதெனின், எந்தத் துணியும் தானே வெம்மையைப் பிறப்பிப்பதில்லை என்பதாம். உடலிற் பிறந்த வெம்மை வெளியேறாவண்ணம் தடுப்பதொன்றே ஆடையின் தொழில். அத்தொழிலைப் பெரும்பாலும் செய்வது துணியினுள் அடைபட்டு அசையாது நிற்கும் காற்றேயாகும். இதனைக் குளிர் நாட்டு மக்கள் நூலறிவால் உணர்வதற்கு நெடுங்காலம் முன்னரே கையறிவால் உணர்ந்திருந்தனர். ஆதலின், வெப்ப நாட்டு மெல்லிய துணியையும் குளிர்கால ஆடையாக மாற்றும் வழி அவர்கட்குத் தெரிந்திருந்தது.

இதற்குச் சப்பான் நாட்டை முதற்கண் காட்டுவேன். 799-ஆம் ஆண்டில் அந்நாட்டின் மிகாவா என்னும் பகுதியிற் சிறு படகொன்று கரையொதுங்கியது. அதில் வந்தவர் இளைஞர் ஒருவர். அவர் மொழி எவர்க்கும் விளங்கவில்லை. பின்னர்ச் சப்பானிய மொழியைக் கற்ற அவர், தாம் 'தென்சிகு' நாட்டினர் என்று கூறியதாக அந்நாட்டு அரச வரலாற்று நூல் குறிக்கின்றது. தென்சிகு என்பது இந்தியாவுக்கு அவர்கள் வழங்கிய பெயர். அவருடைய படகிற் பருத்தி விதைகள் இருந்தன. மறு ஆண்டில் அவ்விதைகளைப் பல பகுதிகளில் விதைத்துப் பார்த்தனர். ஆயினும் அப்பயிர் நிலைக்கவில்லை. பருத்தி அந்நாட்டில் வேரூன்றியது 16-ஆம் நூற்றாண்டிலேயாம். அதுகாறும் அங்குள்ள எளிய மக்கள், பனி பெய்யும் காலத்தும் சணல் போன்ற நாரால் நெய்த ஆடைகளையே ஒன்றன்மேலொன்றாக உடுத்துக் குளிரைத் தாங்கி வந்தனர்.

பருத்தி வந்தபின் அவர்கள் செய்த ஏற்பாடு பெரிதும் வியக்கத்தக்கது. அந்நாட்டு ஆடை நேர்க்கோட்டில் வெட்டிய துணிகளை இணைத்துத் தைப்பது. தையலைப் பிரித்துத் துவைத்து மீண்டும் தைப்பதும் வழக்கமாம். எனவே, கோடையில் ஒற்றைத் துணியாகவும், இடைப்பட்ட பருவத்தில் உட்டுணி சேர்த்தும், குளிர்காலத்தில் அவ்விரண்டு துணிகட்கும் இடையே பஞ்சு பரப்பியும் உடுத்தனர். எடோ நகரில் ஷோகன் என்னும் தலைவர் ஆண்ட காலத்தில் இவ்வாடை மாற்றத்துக்கு நாளும் குறிக்கப்பட்டிருந்தது. பழைய சந்திரமானக் கணக்கில் ஒன்பதாம் திங்கள் ஒன்பதாம் நாள் முதற் பஞ்சிட்ட ஆடை. நான்காம் திங்கள் முதல் நாளிற் பஞ்சு நீக்கிய ஆடை. அந்நாட்டில் 'நான்காம் திங்கள் முதல் நாள்' என்று எழுதிவிட்டு 'வதானுகி', அஃதாவது 'பஞ்சு நீக்கல்', என்று படிக்கும் குடும்பப் பெயரொன்று உண்டென்றால், இவ்வழக்கம் எத்துணை ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதை அன்பர்கள் உணரலாம். ஆடை ஒன்று; பருவம் இரண்டு; இடையே வேண்டுவன பஞ்சும் ஊசியுமே!

இனி, இவ்வழக்கம் நம் சோழமண்டலக் கரையோடு தொடர்புற்றவாற்றைக் கூறுவேன். ஒல்லாந்தக் கும்பெனியார் 1610-ஆம் ஆண்டிற் பழவேற்காட்டிற் காலூன்றினர். 1658-இல் நாகப்பட்டினத்தைப் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றினர். அதே கும்பெனியார் சப்பானிலும் வணிகம் நடத்தினர். 1641 முதல் நாகசாகித் துறைமுகத்தின் தெசிமா என்னும் சிறு தீவில் அவர்கள் இருக்க இடம் தரப்பட்டது. அவர்தம் தலைவர் ஆண்டுதோறும் எடோ நகர் சென்று ஷோகனை வணங்குதல் வேண்டும். அங்ஙனம் சென்றவர்க்கு ஷோகன் அளித்த பரிசில்களுள் பஞ்சு வைத்துத் தைத்த பட்டு அங்கிகள் சிறந்தன.

அவ்வங்கிகள் ஒல்லாந்தை அடைந்தபோது அந்நாட்டுச் செல்வரும் கற்றோரும் அவற்றை மிகவிரும்பினர். அக்காலத்து ஐரோப்பியக் குளிர் கடுமையானது. 1684-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் இலண்டன் நகரின் தேம்சு ஆறு உறைந்து, அதன்மேற் கடைகள் அமைத்துச் சந்தை நடத்தினர் என்பது வரலாறு. வீட்டினுள்ளும் அடுப்பங்கரையை விட்டு அகன்றால் விரல் விறைக்கும். அந்நிலையில், எடை குறைந்ததும் உடலை இறுக்காததும் வெம்மை காப்பதுமான ஓர் அங்கி கிடைத்தால் எவர்தாம் விரும்பார்? வெர்மீர் என்னும் ஒல்லாந்த ஓவியர் 1668-இல் வரைந்த வானநூலாரும், 1669-இல் வரைந்த புவிநூலாரும் இத்தகைய அங்கியையே அணிந்து காட்சியளிக்கின்றனர்.

பரிசாக வந்த அங்கிகளோ சில, விரும்பினரோ பலர். ஆகவே கும்பெனியார் நம் கரையை நோக்கினர். சோழமண்டலக் கரையில் எழுதி வண்ணமேற்றிய சீட்டித் துணியால் அவ்வங்கிகளின் வடிவை ஒப்பச் செய்வித்தனர். சப்பானின் வடிவு, நம் கரையின் துணி, உடுத்தியவர் ஒல்லாந்தர்! சாயவேரின் சிவப்பும், அவுரியின் நீலமும், கடுக்காயும் படிகாரமும் சேர்ந்து நிலைநிறுத்திய அச்சாயங்கள் துவைத்தாலும் நீங்கா. அஃது அக்கால ஐரோப்பியச் சாயக்காரர்க்குக் கைவராத வித்தை. அவ்வித்தையை அறிந்து எழுதியனுப்புவதற்காகவே பிரெஞ்சுப் பாதிரியார் கேர்தூ என்பார் 1742-இல் நம் நாட்டுச் சாயக்காரரை வினவி நீண்ட மடலொன்று வரைந்தார். நம் கரையின் சீட்டியால் அமைந்த அங்கிகள் ஆம்சுடர்டாம், இலண்டன் நகரங்களின் அருங்காட்சியகங்களில் இன்றும் உள. மகளிரும் பின்வாங்கவில்லை. ஒல்லாந்தின் வடபாலுள்ள பிரீசுலாந்திலே இந்தெலோப்பன் என்னும் துறைமுக ஊரின் பெண்டிர் சீட்டியால் நீண்ட மேலங்கி தைத்து அணிந்தனர். துயர் காக்கும் நாளில் நீலமும் வெண்மையும் கலந்த சீட்டியை உடுத்தனர். உள்ளே பஞ்சிட்டு இழையோட்டித் தைத்த சீட்டிப் பாவாடைகளும் அந்நாட்டில் வழங்கின.

இங்கிலாந்தின் செய்தியும் இத்தகையதே. 1643-ஆம் ஆண்டிலேயே ஆங்கிலக் கும்பெனித் தலைவர்கள் சூரத்திலுள்ள தம் ஆட்களுக்கு எழுதி, வண்ணமெழுதிய பஞ்சுப் போர்வைகள் இருண்ட சிவப்பு நிலத்தில் வருதலை மக்கள் விரும்பவில்லை என்றும், வெண்மை மிகுந்த நிலத்தில் வேண்டுமென்றும் அறிவித்தனர். நாட்குறிப்பால் புகழ்பெற்ற சாமுவேல் பெப்பிசு 1661-ஆம் ஆண்டில் 34 சில்லிங்கு கொடுத்து 'இந்திய அங்கி' ஒன்று வாங்கினார். 1666-இல் தம் உருவத்தை எழுதுவிக்குங்கால் அத்தகைய அங்கியொன்றை வாடகைக்கு எடுத்து அணிந்தார். இவ்வங்கியை ஆங்கிலேயர் 'பனியன்' என்றனர். நம் நாட்டு வணிகரைக் குறிக்க ஐரோப்பியர் வழங்கிய 'பனியன்' என்னும் சொல்லே அவ்வாடைக்கும் பெயராயிற்று. அங்கே குளிருக்கு மேலே அணியும் பேரங்கியைக் குறித்த சொல், இங்கே வெயிலில் வியர்வை உறிஞ்ச உள்ளே அணியும் சிறு சட்டையைக் குறிக்கலாயிற்று. திருப்பூரிற் பனியன் பின்னும் நம் தொழிலாளர் எத்தனை பேர் இவ்வரலாற்றை அறிவர்?

இத்துணைப் பெருமை பகையையும் ஈன்றது. பிரான்சு நாட்டரசு 1686-இல் வண்ணமெழுதிய பருத்தித் துணிக்குத் தடை விதித்தது. அத்தடை 1759 வரை நீடித்தது. இங்கிலாந்தில் 1700-ஆம் ஆண்டுச் சட்டம் அயல்நாட்டு வண்ணச் சீட்டியை அங்கே உடுத்தற்கு விற்பதைத் தடுத்தது. 1719-இல் இலண்டனின் கம்பளி நெசவாளரும் பட்டு நெசவாளரும் தெருவிற் சீட்டியுடுத்துச் சென்ற பெண்டிரைத் துரத்தி, உடுத்த துணியைக் கிழித்தனர். 1721-ஆம் ஆண்டுச் சட்டம் சீட்டியை உடுத்துவதையே பெரும்பாலும் குற்றமாக்கியது. மலிவும் வண்ணமும் இப்பகைக்கு முதற் காரணங்கள் என்பதில் ஐயமில்லை. எனினும், பருத்தி கோடைக்கு மட்டுமே உதவும் துணியாக நின்றிருப்பின், கம்பளி நெய்வோர் இத்துணை அஞ்சியிரார் என்பது அடியேன் கருத்து. பஞ்சும் உட்டுணியும் பெற்றுக் குளிர்காலத்துள்ளும் அது புகுந்தமையின், அச்சம் ஆண்டு முழுமைக்கும் பரவிற்று. அந்நெசவாளரை இகழ்தல் நம் நோக்கமன்று. அவர்தம் மனைவி மக்களும் தறியை நம்பியிருந்தவரே. பின்னாளில் ஆலைத்துணி நம் தறிகளை மடக்கியபோது நம் முன்னோர் உற்ற துயரை எண்ணிப் பார்ப்பார், அவர்தம் துயரையும் உணர்வர்.

கைகள் கண்ட உண்மையை அறிவுநூல் பின்னரே அளந்து காட்டிற்று. ரம்போர்டு பிரபு எனப் பின்னர்ப் பெயர்பெற்ற பெஞ்சமின் தாம்சன் 1792-இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். கண்ணாடிக் குமிழினுள்ளே வெப்பமானியை நிறுத்தி, இடைவெளியில் ஒரே எடையுள்ள வெவ்வேறு பொருள்களை நிரப்பி, சூடாக்கியபின் பனிக்கட்டியில் அமிழ்த்தி, குறித்த அளவு குளிர எத்தனை நொடி செல்கின்றது என்று கணக்கிட்டார். வெறுங்காற்றே நிறைந்திருக்க 576 நொடிகள் சென்றன. பருத்திப் பஞ்சு நிரப்பியபோது 1046. ஆட்டு மயிர் நிரப்பியபோது 1118. பஞ்சுக்கும் கம்பளிக்கும் இடையே எத்துணைச் சிறு வேறுபாடு பாருங்கள்! மேலும், நூற்காத பட்டுக்கு 1284 நொடிகள் சென்றிருக்க, முறுக்கிய பட்டு நூலுக்கு 917 நொடிகளே சென்றன. பொருள் ஒன்றே, முறுக்கும்போது காற்று தங்கும் இடம் குறைகின்றது, வெம்மையும் விரைந்து நீங்குகின்றது. ஆகவே, வெம்மை காப்பதில் இழையின் குலத்தைவிட அதனை அமைக்கும் முறையே பெரிது என்பது தெளிவாயிற்று.

இவற்றையெல்லாம் சுருக்கி அவ்வம்மையாரிடம் கூறி, "அம்மா! அவன் செல்லும் நாட்டினரின் பாட்டன்மார் நம் கரைத் துணியை அணிந்தே பனிக்காலம் போக்கினர். சட்டைகளை விட்டுச் செல்ல வேண்டா. ஒன்றன்மேலொன்றாக அணியச் சொல்லுங்கள். மேலங்கி ஒன்று மட்டும் காற்றும் மழையும் புகாததாக அங்கே வாங்கிக்கொள்ளட்டும்" என்றேன். அவர் மனந்தேறிச் சென்றார். சென்றவர் வாளாவிருக்கவில்லை, பழைய வேட்டி இரண்டுக்கிடையே பஞ்சு பரப்பி, கட்டம் கட்டமாக இழையோட்டி, கையில்லாச் சட்டையொன்று தம் கையாலேயே தைத்துக் கொடுத்தனுப்பினார்.

மார்கழியில் மாணவன் எழுதினான். அன்னை தைத்த சட்டையை அறையில் இரவு பகலாக அணிந்து படிப்பதாகவும், உடன் பயில்வோர் அஃது எங்கே கிடைக்கும் என்று கேட்பதாகவும் எழுதியிருந்தான். அத்துடன் என் பிழையொன்றையும் பணிவோடு சுட்டினான். சென்ற புதிதில் மேலங்கி வாங்குமுன் ஒருநாள் மழையில் நனைந்தானாம். பருத்திச் சட்டை நீரை உறிஞ்சி உடலோடு ஒட்டிக்கொள்ள, இரண்டு நாள் காய்ச்சலிற் கிடந்தானாம். "ஐயா, பருத்தி உலர்ந்திருக்கும்வரை தோழன்; நனைந்தால் பகைவன். இதனையும் சொல்லியிருக்கலாமே" என்பது அவன் வாக்கு. முற்றும் உண்மை. நீர் புகுந்தால் இழைகட்கிடையே நின்ற காற்று வெளியேறிவிடும். காற்று நீங்கின், காவலும் நீங்கும். கம்பளியோ நனைந்தபோதும் வெம்மையை ஓரளவு காக்கும். இழையின் குலத்துக்கும் மதிப்புண்டு என்பதை இவ்விடத்து ஒப்புக்கொள்கின்றேன். ஆதலின், பனியிலும் மழையிலும் நடப்பார் உடலையொட்டிக் கம்பளி உட்சட்டை அணிதலும், நனைந்த பருத்தியை உடனே களைதலும் இன்றியமையாதன. வரலாறு படித்த நான் மறந்ததை, குளிரில் நின்ற அவன் உணர்த்தினான்.

சங்கத்து அன்பர்காள்! பிள்ளைகளை அயல்நாடு அனுப்பும் பெற்றோர், உள்ள துணியைப் பயனற்றதென்று ஒதுக்கிக் கடன்படுமுன் இதனை நினைவிற் கொள்க. தறியும் கடையும் உடையார் பிறிதொன்றையும் நினைவிற் கொள்க: நம் முன்னோர் பனியைக் கண்டறியார், ஆயினும் பனியில் வாழ்வார் வேண்டிய வடிவும் வண்ணமும் கேட்டறிந்து செய்து கொடுத்தனர், அதனால் அவர்தம் துணி ஆழ்கடல் கடந்தது. உடுத்துவோர் யார், எங்கே, எப்பருவத்தில் உடுத்துவர் என்று வினவும் பழக்கம் நம் தொழிலுக்கு மீளுமாயின், நம் பருத்தி மீண்டும் பனி நாட்டில் இடம்பெறும் என்று கூறி இக்கட்டுரையை முடிக்கின்றேன்.